ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

கோயமுத்தூர்,
11-8-2002

அன்புள்ள அண்ணாவுக்கு சீதாலட்சுமியின் நமஸ்காரம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இவருக்கு இருமல் மட்டும் மழை முடிந்தால்தான் விடும் போலிருக்கிறது. உன் முழங்கால் எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் என்னை ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், மழைத் தண்ணிதான் எல்லாத்தையும் விட சுத்தம்னீங்க. அப்ப கடல் மீனை அதுல விட்டா ஏன் செத்துப் போகுது?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு, 'யாருக்கு' என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் 'சுத்தம்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை என்று மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

உன் கார்டைப் பார்த்ததும் அந்தப் பெண் ஞாபகம் வந்தாள். "மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. மெஷின் வாங்க வேண்டும். எது நல்லது? உடனே எழுது." ஒன்றரை வரி. செருப்புக் கடைக்குப் போனால் கடைக்காரன் முதலில் காலைத்தான் பார்ப்பான். நீ காலைக் காட்டாமல் செருப்பு கேட்கிறாய். என்ன மீன், வீட்டுக்கு என்ன தண்ணீர் வருகிறது, வாரத்துக்கு எவ்வளவு மாற்ற வேண்டும், யார் மாற்றுகிறார்கள் என்று எழுது. நீர்ப்பாசன இலாகாவில் இருந்த காலமெல்லாம் தண்ணீரை க்யூசெக்கில்தான் பார்த்திருக்கிறாய். இப்போது கொஞ்சம் லிட்டரில் பார்.

போனில் கேட்டால் முடியாதா என்கிறார் இவர். நான் பேசுவது உனக்குக் கேட்காது. காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளவும் மாட்டாய். நீ கத்துகிற கத்தலில் எனக்கும் காது போய்விடும். எழுதுவதே நல்லது. பதிலில் உன் உடம்புக்கும் இரண்டு வரி ஒதுக்கு.

சீதா


அல்சூர், பெங்களூர்,
25-8-2002

சீதாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். முழங்கால் இருக்கிறது. மாப்பிள்ளையைச் சித்தரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்.

நீ கேட்டவை. மீன்: டிஸ்கஸ். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, ஆறு. ரஞ்சனியுடையவை. தண்ணீர்: காவேரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்; தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் போர்வெல் தண்ணீரோடு கலந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு கட்டுகிறது. வாரத்துக்கு எண்பது லிட்டர் மாற்ற வேண்டுமாம். மாற்றுவது ரஞ்சனி.

அவள் மே மாதம் பொம்மனஹள்ளியில் வீடு எடுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். ஆபீஸ் அந்தப் பக்கம். அதில் எழுத ஒன்றுமில்லை. அவள் இருப்பது மாடி. வீட்டுக்காரர் இவ்வளவு கனமான தொட்டியை ஏற்ற விடமாட்டேன் என்கிறார். அதனால் தொட்டி இங்கேயே இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கேன் தண்ணீரோடு ஆட்டோவில் வருவாள். பழையதை இறைத்துவிட்டுப் புதியதை ஊற்றுவாள். ஒரு மணிக்குப் போவாள். போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. "அப்பா, ஒண்ணு மெஷின் வாங்கிப் போடு. இல்லேன்னா ஆஸ்டின் டவுன் சில்வெஸ்டர் கடையில மீனையெல்லாம் குடுத்துடறேன். இனிமே என்னால தூக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான் விஷயம்.

நேற்று ஹரிஷ்குமார் என்று ஒரு பையன் டை கட்டிக்கொண்டு மெஷின் விற்க வந்தான். இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவன் கொண்டுவந்தது. இரண்டு கம்பி உள்ள ஒரு கருவியை விட்டு சுவிட்சைப் போட்டான். நம் தண்ணீர் கலங்கிக் காவி நிறமாகிக் கடைசியில் சாக்கடை மாதிரி ஆயிற்று. அவன் தண்ணீர் அப்படியே இருந்தது.

"பாருங்க அங்கிள், இதுதான் நீங்க டெய்லி குடிக்கிறது."

வீட்டு வேலைக்கு வரும் சரளா கையில் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். "ஐயோ, இதுலயா இத்தினி வருஷம் சாம்பார் வெச்சேன்?"

"அதுக்குத்தான் ஆன்ட்டி சொல்றேன்..."

"யாருப்பா ஆன்ட்டி? எம் பொண்ணுக்கே உன் வயசு ஆகல."

அந்தச் சாக்கடை எங்கிருந்து வந்தது? நான் அறுபத்தெட்டு வயதுவரை அதைக் குடித்தும் உயிரோடு இருக்கிறேனே. இதற்குப் பதில் எழுது.

அனந்தபத்மநாபன்


கோயமுத்தூர்,
3-9-2002

அன்புள்ள அண்ணா, நமஸ்காரம். சித்தரத்தை வேலை செய்கிறது; உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். உன் முழங்கால் 'இருக்கிறது' என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்புச் சத்து இருந்தால் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரைந்து துருவாகும். நீ பார்த்த சாக்கடை அவன் கம்பியிலிருந்து வந்தது. அவன் தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடவில்லை, கம்பி பிழைத்தது. மறுபடி வந்தால் அவனுடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு, இப்போது காட்டு தம்பி என்று சொல். சரளா தைரியமாகச் சாம்பார் வைக்கலாம்.

இனி மெஷின். அதற்குள் இருக்கும் சவ்வை எங்கள் பள்ளித் தலைமையாசிரியை மாதிரி நினைத்துக்கொள். வாசலில் நின்று ஒருத்தியை உள்ளே விட்டு மூன்று பேரைத் திருப்பி அனுப்புவாள். அதனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வெளியே போகும். அதைச் சாக்கடையில் விடாமல் பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். சவ்வுக்கு முன்னால் கரி வடிகட்டி கட்டாயம் வேண்டும். காவேரித் தண்ணீரில் போடுகிற குளோரின் சவ்வைத் தின்றுவிடும். உன் மொட்டைமாடித் தொட்டி அதிக உயரமில்லை, அழுத்தம் போதாது, ஆகவே சின்ன பம்ப் உள்ளதாகப் பார். புற ஊதா விளக்கு, கண்ணாடி மாதிரி முகப்பு, இதற்கெல்லாம் மீன் கைதட்டாது. நாளைக்கு நாற்பது ஐம்பது லிட்டர் வடித்தால் உனக்குத் தாராளம்.

வடித்த தண்ணீரை அப்படியே விட்டுவிடாதே. உப்பே இல்லாத சாதத்தை எத்தனை நாள் சாப்பிடுவாய்? மூன்று பங்குக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலக்க வேண்டும்.

கேன் எத்தனை, மணி எத்தனை என்று எழுதியிருக்கிறாய். ரஞ்சனி எப்படி இருக்கிறாள் என்று எழுதவில்லை. விவாகரத்தாகி வந்து உன்னோடு இரண்டு வருஷம் இருந்தவள். நீ மறுபடி ஜாதகம் புரட்ட ஆரம்பித்த மாதத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஆபீஸ் பக்கம் என்பது அதற்கு முந்தின மாதமும் பக்கம்தான். கோபித்துக்கொள்ளாதே. சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறதா?

சீதா


அல்சூர்,
6-10-2002

சீதாவுக்கு ஆசீர்வாதம். சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. ரஞ்சனி சௌக்கியம்.

மூன்று மெஷின் பார்த்தாயிற்று. ஒன்றில் பம்ப் போடும் சத்தம் எனக்கே கேட்கிறது. ஒன்று நல்லதுதான், ஆனால் அதை மாட்ட வேண்டிய சுவரில் ஜன்னல் இருக்கிறது. இன்னொன்றுக்கு சர்வீஸ் ஆள் ஹொசூரிலிருந்து வர வேண்டுமாம். ஹரிஷ்குமார் திரும்ப வந்தான். உப்பைப் போட்டேன். அவன் தண்ணீரும் காவியாயிற்று. "அங்கிள், நீங்க டீச்சரா?" என்றான். "என் தங்கை" என்றேன். அதற்குப் பிறகு அவனைக் காணோம்.

சரளாவின் வாய் நாளுக்கு நாள் நீளுகிறது. "ஐயா பொண்ணு பார்க்கிற மாதிரி மிஷினு பாக்கறாரு. ஒண்ணு குள்ளம், ஒண்ணு சத்தம், ஒண்ணுக்குச் சொந்தக்காரங்க தூரம். கடைசில எதுவும் அமையாது பாரேன்" என்று ரஞ்சனியிடம் சொல்லியிருக்கிறாள். ரஞ்சனி சிரித்தாளாம். எனக்குக் கேட்கவில்லை. இருவரும் பக்கத்து அறையில் இருந்தார்கள்.

இன்று கேன்கள் ஆட்டோவில் உருண்டு ஒன்றின் மூடி கழன்று அவள் உடையெல்லாம் நனைந்துவிட்டது. அவள் அம்மா கோமளத்தின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலையை முடித்தாள். கோமளம் போய் ஐந்து வருஷமாகிறது. புடவையில் இன்னும் நாப்தலின் வாசனை. ஈரம் காய நேரமானதால் மூன்று மணிக்குத்தான் போனாள்.

இன்னும் இரண்டு மெஷின் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வாங்கிவிட்டு அவஸ்தைப்படக் கூடாது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அனந்தபத்மநாபன்


கோயமுத்தூர்,
14-10-2002

அன்புள்ள அண்ணா, நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டது, இருமலும் விட்டது. அடுத்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம்.

உன் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அவள் போனதும் பேனாவை எடுக்கிறாய் என்று நினைக்கிறேன்.

நேராகவே சொல்கிறேன், ஏனென்றால் நாம் இருவரும் சுற்றிவளைத்துப் பேசும் வயதைத் தாண்டிவிட்டோம். மெஷின் வந்தால் கேன் வேண்டாம். கேன் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ வர வேண்டியதில்லை. இது எனக்குத் தெரிகிறது என்றால் உனக்கும் தெரியும். பம்ப் சத்தம், ஜன்னல், ஹொசூர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் கணக்கின் அடுத்த வரியையும் போட வேண்டும். இடுப்பு வலியோடு அவள் இன்னும் எத்தனை வாரம் தூக்குவாள்? சில்வெஸ்டர் கடைக்கு மீன் போய்விட்டால் அப்போதும் ஆட்டோ வராது. மெஷின் இருந்தால் மீனாவது இருக்கும். மீனைப் பார்க்க அவள் எப்போதாவது வருவாள். இரண்டில் இதுதான் தேவலை.

சுவரில் ஜன்னல் இருக்கிறது என்றாயே, அந்த இரண்டாவது மெஷினை வாங்கு. வேறு சுவர் இல்லாத வீடா அது? குழாயிலிருந்து வருவதைப் பெரிய பாத்திரத்தில் பிடித்து ஒருநாள் அப்படியே வைத்திரு. அறைச் சூடு வந்ததும், குழாய்த் தண்ணீரைக் கலந்து மெதுவாகத் தொட்டியில் விடு. வெயிலில் நடந்து வந்தவன் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டினால் எப்படி இருக்கும்? மீனுக்கும் அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு என் மேல் கோபம் வந்தால் ஒரு வாரம் கழித்துப் பதில் எழுது.

சீதா


அல்சூர்,
17-11-2002

சீதாவுக்கு ஆசீர்வாதம். எனக்குக் கோபம் இல்லை. வேலை இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் மெஷின் போட்டாயிற்று. நீ சொன்னதுதான். சமையலறையில் அலமாரியைக் கழற்றி அந்தச் சுவரில் மாட்டினோம். தண்ணீரில் உப்பை அளக்கும் பேனா ஒன்றை மெஷின்காரன் கொடுத்தான். சம்ப்பில் எழுநூறு காட்டியது, மெஷினில் முப்பது. ரஞ்சனி வந்து பார்த்தாள். "சூப்பர்ப்பா. இனிமே நீயே பார்த்துக்கலாம்" என்றாள். எப்படிக் கலக்க வேண்டும், எவ்வளவு என்று ஒருமுறை செய்து காட்டினாள். தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டரைத் தொடாதே என்று இரண்டு முறை சொன்னாள்.

போன ஞாயிறும் இந்த ஞாயிறும் வரவில்லை. போன் வந்தது. சரளாதான் பேசினாள். போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஐயா, மீனு சாப்டுச்சான்னு கேக்கறாங்க!"

"சாப்பிட்டது."

"நீங்க சாப்டீங்களான்னு கேக்கறாங்க!"

"ம்."

"ரெண்டு பேரும் சாப்டாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேலை பழகிவிட்டது. வடிகிற தண்ணீரைக் கோமளத்தின் பெரிய செப்புத் தவலையில் பிடித்து வைக்கிறேன். நம் வீட்டில் குடிநீர் எப்போதும் அதில்தான் இருந்தது. கோமளம் போனபிறகு கவிழ்த்து வைத்திருந்தது. பக்கெட்டை விட அது உயர்ந்தது அல்லவா? சரளா வாரா வாரம் புளி போட்டு உள்ளும் வெளியும் தேய்க்கிறாள். பொன் மாதிரி மின்னுகிறது.

ஒரு சின்ன விஷயம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைகள் இந்த வாரம் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. பெரிய விஷயமாக இருக்காது.

அனந்தபத்மநாபன்


அல்சூர்,
5-12-2002, வியாழன்

சீதாவுக்கு ஆசீர்வாதம். உன் பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு என்று முன்பே சொன்னாய், அந்த அமளியாக இருக்கும். இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் வேண்டும்.

மீன்களுக்கு உடம்பு சரியில்லை. நிறம் கறுத்துவிட்டது. மூலையில் போய்ச் சேர்ந்து நிற்கின்றன. சாப்பிடுவதில்லை. செவுள் வேகமாக அடித்துக்கொள்கிறது. நத்தை ஒன்றுகூட மிச்சமில்லை. சரளாவை விட்டு ரஞ்சனிக்குப் போன் செய்தேன். அன்றே பையோடு வந்துவிட்டாள். இங்கிருந்தே ஆபீஸ் போய் வருகிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும், போகவர மூன்று மணி நேரம். "மீன் தேறட்டும், அதுவரைக்கும் இங்கேதான்" என்கிறாள்.

அவளுடைய அறையைச் சரளா கூட்டித் துடைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் வந்ததும் தொட்டிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு காப்பி குடிக்கிறோம். அவள் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் படித்து என் வலது காதில் கத்துவாள். நான் பாதிக்குமேல் சொல்லிவிடுகிறேன். நேற்று ரசம் அவள் வைத்தாள். "இவ்ளோ பெருங்காயமா? மீனு மயங்கிச்சோ இல்லியோ நாம மயங்கிடுவோம்" என்றாள் சரளா. "நீ வெக்கறதுல பெருங்காயம் எங்கேன்னு பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்" என்று இவள். இருவரும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு எல்லாமே கேட்டது.

வாளி தூக்க அவளை நான் விடுவதில்லை, இடுப்பு அப்படி. தண்ணீர் மாற்றுவது என் பொறுப்பு. அவள் ஆபீஸ் போனதும் தினமும் மாற்றிவிடுகிறேன். அப்படியும் தேறவில்லை. மெஷின்காரன் வந்து பார்த்து, மெஷின் சரியாக இருக்கிறது என்கிறான். என்ன காரணமாக இருக்கும்?

முழங்கால் பரவாயில்லை. மாப்பிள்ளை எப்படி?

அனந்தபத்மநாபன்


கோயமுத்தூர்,
10-12-2002

அண்ணா, நமஸ்காரம். நாங்கள் நலம். உன் இரண்டு கடிதங்களையும் இன்றுதான் சேர்த்துப் படித்தேன். நவம்பர் கடிதம் வெள்ளையடிக்க நகர்த்திய பீரோவுக்குப் பின்னால் விழுந்திருந்தது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

செப்புத் தவலைதான் காரணம். மெஷின் இல்லை.

முன்பெல்லாம் அதில் நீங்கள் வைத்தது சுண்ணாம்புத் தண்ணீர். அது பாத்திரத்தின் உட்புறம் மெல்லிய பூச்சாகப் படிந்து செம்பை மூடிவிடும். சரளா புளி போட்டு அந்தப் பூச்சையெல்லாம் எடுத்துவிட்டாள். மெஷின் தண்ணீரோ பசியோடு இருக்கிற தண்ணீர். அதில் ஒன்றும் இல்லை, அதனால் தொட்டதையெல்லாம் கரைத்துக்கொள்ளும். காலியான பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கும், யாரையும் ஏற்றிக்கொள்ளும், அந்த மாதிரி. ஒருநாள் முழுக்க வெறும் செம்பில் வைத்து, அதை மீனுக்குக் கொடுத்திருக்கிறாய். நமக்கு அந்த அளவு செம்பு ஒன்றும் செய்யாது. நத்தை முதலில் போகும், பிறகு மீன். நத்தை விழுந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாத்திரம் என்றுதான் எழுதினேன், பிளாஸ்டிக் என்று எழுதவில்லை. அந்தத் தவலையைவிட உயர்ந்தது நம் வீட்டில் கிடையாது என்பதும் சரிதான். உயர்ந்ததைத்தான் கொடுத்தாய்.

இன்றே நிறுத்து. இதைப் படித்து முடித்த கையோடு. பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்த தண்ணீரைக் கொண்டு தினமும் கால் பங்கு மாற்று. தொட்டியின் வடிகட்டியில் புதுக் கரி போடு. இரண்டு வாரத்தில் நிறம் திரும்பிவிடும். நீ முன்பு தினமும் மாற்றியது தினமும் கொஞ்சம் செம்பைச் சேர்த்ததுதான். அதனால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே.

ரஞ்சனிக்கு என் ஆசி.

சீதா


கோயமுத்தூர்,
3-1-2003

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரமும் புத்தாண்டு வாழ்த்தும். இங்கே குளிர் கொஞ்சம் அதிகம், மற்றபடி குறையில்லை.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கூரியர் ஆபீசில் விசாரித்தேன். பன்னிரண்டாம் தேதியே நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாயாம். மீன் பிழைத்ததா? நீ சௌக்கியமா? இரண்டுக்கும் ஒரு கார்டு போதும்.

சீதா


அல்சூர்,
19-1-2003

சீதாவுக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். பொங்கல் நன்றாக நடந்திருக்கும்.

உன் கடிதம் வந்தது. படித்தேன். நீல நிறத்தில் பிளாஸ்டிக் டிரம் வாங்கியாயிற்று. தவலை பரணில் இருக்கிறது. போகிக்குப் பரணில் ஏற்றும்போது சரளா முணுமுணுத்தாள்: "இதைப் போன வாரம் வரைக்கும் புளி போட்டு இடுப்பொடியத் தேய்ச்சேனே. பரணுக்கா தேய்ச்சேன்?"

டிசம்பர் முழுக்க ரஞ்சனி இங்கே இருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் அல்சூர் ஏரிவரை தினமும் நடந்தோம். வேட்டிக்குப் பொருத்தமாக எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள். முதல் மீன் இருபதாம் தேதி போயிற்று. அடுத்தது புத்தாண்டு அன்று. மூன்றாவது எட்டாம் தேதி. ஒவ்வொன்றையும் அவளே வலையில் எடுத்து, பின்கட்டில் பப்பாளி மரத்தடியில் புதைத்தாள். மூன்றாவதைப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, உன் மேல தப்பு இல்ல. மெஷின்தான் சரியில்ல. விட்டுடு."

கை கழுவ அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பன்னிரண்டாம் தேதி மிச்சமிருந்த மூன்றையும் ஆக்ஸிஜன் பையில் போட்டுச் சில்வெஸ்டர் கடையில் கொடுத்துவிட்டு, அப்படியே பொம்மனஹள்ளி போய்விட்டாள். கடையில் மூன்றும் இப்போது நன்றாகச் சாப்பிடுகின்றன என்று சில்வெஸ்டர் சொல்கிறான்.

தொட்டியைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன். மெஷின் சும்மா கிடக்கிறது. கோயமுத்தூரில் யாருக்காவது வேண்டுமானால் சொல். இன்று ஞாயிறு. பேப்பரில் குறுக்கெழுத்து எளிதாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு விசாரிப்பு.

அனந்தபத்மநாபன்


கோயமுத்தூர்,
24-1-2003

அன்புள்ள அண்ணா, நமஸ்காரம். பொங்கல் ஆயிற்று. இவர் உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னார், எழுதமாட்டார்.

கோயமுத்தூரில் உன் மெஷின் யாருக்கும் வேண்டாம். எங்களுக்குச் சிறுவாணி வருகிறது. நீயே வைத்துக்கொண்டு குடி, ஆனால் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து.

என் கடிதம் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி உன் கைக்கு வந்தது. சரளா போகிக்கு முந்தின வாரம்வரை தவலையைத் தேய்த்திருக்கிறாள். இரண்டையும் நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்று கூரியர்காரன் சொன்னது, மற்றது நீயே எழுதியது. எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினாய். நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. மீன் தேறும்வரை இருப்பேன் என்று அவள் சொன்னாள், மீன் தேறவில்லை. மெஷின் மேல் பழி போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அவளிடம் நீ என்ன சொல்வாய், எப்போது சொல்வாய் என்பது உன் பாடு. அதில் நான் தலையிட மாட்டேன்.

ஆகஸ்டிலிருந்து நீ எழுதியதையெல்லாம் எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பழக்கம். எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்ட கேள்விதான் முதலில் கண்ணில் படும். பத்து மணிக்கு வந்தாள், ஒரு மணிக்குப் போனாள், நனைந்தாள், காய்ந்தாள், இரண்டு பஸ் மாறினாள், பையோடு வந்தாள். எல்லா வரியிலும் வருவதும் போவதும் அவள்தான். அவள் வீடு எடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ அங்கே போனதாக ஒரு வரி இல்லை. அந்த வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம், சாயங்காலம் வெயில் வருமா வராதா, எதுவும் உனக்குத் தெரியாது. மாடிப்படி எத்தனை என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் முழங்காலைக் காரணம் சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன்.

அவள் வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மீன் இருந்தது, கேன் இருந்தது, பிறகு நோய் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை என்று நீ நினைக்கிறாய். அப்பா மகளைப் பார்க்கப் போவதற்கு மீன் எதற்கு? தண்ணீரை மேட்டுக்கு ஏற்றத்தான் பம்ப் வேண்டும். மனுஷன் போக ஹொசூர் ரோடு பஸ் போதும். சில்க் போர்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறங்கிவிடலாம்.

குளிர் விடும்வரை அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
சீதா

பி.கு. வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், அவள் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு டம்ளர் தண்ணீரை, எங்கே பிடித்தது என்று கேட்காமல், உட்கார்ந்து குடி.